ஒரே மேசையில் பிரித்த சொற்கள்

அந்த வேலைக்கு முக்கியமான கட்டுப்பாடு ஒன்றுதான். ஒரே சொற்பட்டியலை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். அந்த இருவரும் தங்கள் விடைகளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாது. சேர்ந்த முதல் நாளே இதை ஒரு தாளில் அச்சடித்துத் தந்து கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்டேன். எட்டு மாதம் கழித்து என் மனைவியின் தம்பியும் போட்டான்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கார்களில் வழி சொல்லும் கருவிகள் பரவிக்கொண்டிருந்த காலம். லண்டனில் கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. ஐரோப்பிய மொழி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பேர். எனக்கு நோர்வேஜிய மொழி. நோர்வேயின் வடகரையில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். முதலில் மீன் தொழிற்சாலை, பிறகு நகரசபையின் களஞ்சியம். மொழியை இருபத்தெட்டு வயதில், மாலை வகுப்பில், இலக்கணப் புத்தகத்தை வைத்துக் கற்றேன். லண்டனில் அந்த மொழி எனக்குச் சோறு போடும் என்று ஒருபோதும் நினைத்திருக்கவில்லை. மனைவியின் உறவினர் பலர் வால்தம்ஸ்டோவில் இருந்ததால் நாங்களும் அங்கேயே வீடு எடுத்திருந்தோம்.

வேலை இதுதான். ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் கூட்டுச்சொல். நோர்வேக்காரர் பெயர்ச்சொற்களை இடைவெளி விடாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டி எழுதிக்கொண்டே போவார்கள். நோயாளியையும் வீட்டையும் ஒட்டினால் மருத்துவமனை. பல்லையும் மருத்துவரையும் ஒட்டினால் பல் மருத்துவர். கடைசி உறுப்புத்தான் சொல்லின் தலைவர். முன்னால் நிற்பவை எல்லாம் அது என்ன வகை என்று சொல்ல வந்தவை. இடையில் சில வேளை ஒரு ஸகரம் நிற்கும், சில வேளை ஓர் எகரம், சில வேளை ஒன்றும் இராது. அந்தச் சொல்லை முதலில் மூட்டில் வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வோர் உறுப்பையும் அசை அசையாகப் பிரிக்க வேண்டும். இடையில் நிற்கும் ஸகரம் முன் உறுப்போடு போகும். முன் உறுப்பின் சொந்த ஸகரமும் அப்படியே. ‘ஹூஸ்’ என்ற வீடும் ‘ஆர்பைட்’ என்ற வேலையும் சேர்ந்து வீட்டுவேலை ஆகும்போது, மூச்சு அதை ஹூ-ஸார்-பைட் என்று இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். விட முடியாது. ஹூஸ்-ஆர்-பைட் என்று மூட்டுக்கு மரியாதை கொடுத்துப் பிரிக்க வேண்டும்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ரகரமும் நகரமும் அடுத்தடுத்து வந்தால் நம்முடைய ‘ண்’ பிறக்கும் மொழி அது. பிள்ளையை அவர்கள் ‘பாண்’ என்பார்கள். எழுதுவது வேறு, வாய்க்குள் நடப்பது வேறு. மழைக்காலத் துணிகள்போல உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று நனைந்து கிடக்கும். அவற்றைப் பிரித்து உலர்த்தி, அழுத்தம் எதில், மெல்லழுத்தம் எதில் என்று குறி போட்டு வரிசையாக வைப்பேன்.

ஒன்று மட்டும் எனக்கு வராது. அந்த மொழியில் இரண்டு ஏற்றங்கள் உண்டு. ஒன்றில் குரல் தாழத் தொடங்கி மேலே போகும். மற்றதில் உயரத் தொடங்கி, ஒருமுறை சரிந்து, பிறகு எழும்பும். ஒஸ்லோப் பக்கத்தார் இதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்கிறார்கள். நான் இருந்த வடகரையில் சில ஊர்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். அதனால் எந்தச் சொல்லுக்கு எந்த ஏற்றம் என்பதை நான் விதியைக் கொண்டே தீர்மானித்தேன். முதல் உறுப்புக்கு இரண்டு அசை இருந்தால் பெரும்பாலும் சுலபம். ஓரசையாக இருந்தால் விதி முழுதாகக் கைகொடுக்காது. சொல்லைப் பொறுத்து மாறும். நான் எனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். ஓரசை என்றால் முதலாம் ஏற்றம். என்னோடு இரண்டாம் ஆளாக இருந்த முதியவரும் விதியைப் பார்த்தே போட்டதால் எங்கள் குறிகள் அவ்வளவாக முரண்படவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு மைத்துனனைச் சொன்னது நான்தான்.

அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஒன்பது வயதில் பெற்றோருடனும் அக்காவுடனும் நோர்வேக்குப் போனவன். நாங்கள் இருந்த அதே வடகரை ஊரில் பள்ளிக்கூடம், பிறகு எட்டு வருடம் ஒஸ்லோவில் படிப்பும் வேலையும். அவனுடைய மனைவி ஒஸ்லோவில் நான்கு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்குமுன் அவளை லண்டனுக்குக் கூப்பிட வேண்டும் என்று முன்னால் வந்து எங்கள் வீட்டின் சின்ன அறையில் தங்கினான். நிறுவனம் மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரக் கடிதம் தருவதாகச் சொன்னது. அந்தக் கடிதம் இல்லாமல் வீட்டு முகவர் யாரும் அவனுக்கு வீடு காட்டவில்லை. வயிறு பெருத்த பிறகு விமானத்தில் ஏற்ற யோசிப்பார்கள். ஆகவே மூன்று மாதம் என்பது அவனுக்கு மூன்று மாதம்தான். ஒரு கிழமையும் பிந்த முடியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கிழமையில் மூன்று நாள் அலுவலகத்தில் வேலை. இரண்டு நாள் அச்சடித்த பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யலாம். விடைகளைப் பென்சிலால் தாளில் போட்டு, மறுநாள் கணினியில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான். அடுப்பு இருக்கும் குசினியில், யன்னலோரம். முதல் வியாழக்கிழமை காலை அந்த மேசையின் இரு பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து, ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்தோம்.

மனைவி மா குழைத்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள், ஒருமுறை அவனைப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேருக்கும் கோவமோ?”

“இல்லை அக்கா. வேலை.”

“வேலையெண்டால் வாயைக் கட்டிக்கொண்டோ செய்யிறது? செத்த வீடு மாதிரிக் கிடக்கு.”

“கதைக்கக் கூடாதாம். கையெழுத்து வைச்சிருக்கிறம்” என்றேன்.

“ஆரும் வந்து பாக்கினமோ? என்ர குசினிக்குள்ள என்ர தம்பியும் நீங்களும் கதைக்கிறதுக்கு வெள்ளைக்காரனிட்ட ஒப்பம் வாங்க வேணுமோ?”

மைத்துனன் சிரித்தான். அவன் சிரித்ததும் நானும் சிரித்தேன். சற்று நேரத்தில் அவன் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினான்.

“அத்தான், இதுக்கு நீங்கள் என்ன போட்டனீங்கள்?”

பல் மருத்துவர். ‘தான்லேகெ’. நான் முதலாம் ஏற்றம் போட்டிருந்தேன். அவன் இரண்டாம் ஏற்றம்.

“முதல் உறுப்பு ஓரசை. முதலாம் ஏற்றம்” என்றேன்.

அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். “எனக்கு அப்பிடிக் கேக்கேல்லை.”

“கேக்கிறதை விடும். விதி என்ன சொல்லுது?”

“நான் விதி படிச்சனானே? பள்ளிக்கூடத்தில ஆர் இதெல்லாம் சொல்லித் தந்தது? வாயில வரும், சொல்லுவம்.” தலையைச் சொறிந்தான். “சரி, நீங்கள் படிச்ச ஆள்.” தன் குறியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் என் குறியை எழுதினான்.

அன்று பதினொரு சொற்களை அப்படிப் பார்த்தோம். அடுத்த கிழமை அதைவிடக் கூட. நான் வற்புறுத்தவில்லை என்று எழுத எனக்கு ஆசை. உண்மை அதுவல்ல. அவன் ஒரு சொல்லில் பிடித்து நின்றால் நான் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைத் திறந்து காட்டுவேன். அவன் பேசாமல் கோடு இழுப்பான். அசை பிரிப்பிலும் மூட்டிலும் நான் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதனால் ஏற்றத்திலும் நான் சொன்னது சரியாக இருக்கும் என்று அவன் நினைத்தான். நானும் அப்படியே நினைத்தேன்.

“நோர்வேக்காரன் ரயில் பெட்டி மாதிரிச் சொல்லுகளைக் கொழுவிக்கொண்டு போறான். நாங்கள் வால்தம்ஸ்டோவில இருந்து கழட்டுறம்” என்று ஒருநாள் அவன் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னது கேட்டது. அந்த நாட்களில் வீட்டில் நல்ல கலகலப்பு. என் மனைவிக்கும் சந்தோஷம்.

எங்கள் மேலாளர் ஓர் ஆங்கிலேயப் பெண். மொழியியல் படித்தவர். அதிகம் பேச மாட்டார். இரண்டாம் மாத முடிவில் என்னிடம் வந்து, எங்கள் இருவரின் விடைகளும் மற்ற எல்லா மொழிகளையும் விட நன்றாக ஒத்துப்போகின்றன என்று சொன்னார். “உங்கள் மைத்துனர் ஒரு கண்டுபிடிப்பு” என்றார். நான் நன்றி சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் இதை அவனிடம் சொன்னபோது அவன் மகிழ்ந்தான். அவன் மனைவி ஒஸ்லோவில் வேலையை விடுவதாக அறிவித்தலும் கொடுத்துவிட்டாள்.

இரண்டு பேர் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தால் அந்த விடையை நம்பலாம். இரட்டைப் பட்டியலின் நோக்கம் அவ்வளவுதான். அதை நான் அறியாதவன் அல்ல. இருந்தும், அந்த மேசையில் நாங்கள் செய்துகொண்டிருந்ததை நான் கள்ளம் என்று நினைக்கவில்லை. பிழை விடாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம் என்றே நினைத்தேன். எங்களுடைய ஆட்கள் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, உறவுக்காரன் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எங்களிடையே செய்யக்கூடிய காரியமே இல்லை.

மூன்றாம் மாதம் தொடங்கிய பிறகு, ஒஸ்லோவுக்கு அருகிலிருந்து வந்து லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு நோர்வேஜிய மாணவியைக் கொஞ்ச நாட்களுக்கு எடுத்தார்கள். நாங்கள் முடித்த பட்டியல் ஒன்றையே அவளுக்கும் கொடுத்தார்கள். வழக்கமான சோதனை என்றார் மேலாளர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்த மாணவியின் தாளின் பிரதி இருந்தது. முப்பத்துநான்கு சொற்களில் வட்டம் போட்டிருந்தது. எல்லாம் ஏற்றக் குறி. முப்பத்துநான்கிலும் அவள் ஒரு பக்கம், நானும் மைத்துனனும் மறுபக்கம்.

“ஒருவர் அவளோடு முரண்பட்டால் எனக்கு விளங்கும்” என்றார். “இரண்டு பேரும் ஒரே இடங்களில் ஒரே மாதிரி முரண்படுகிறீர்கள்.”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கள் விண்ணப்பங்களைப் பார்த்தேன். இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கிறீர்கள். அந்த ஊர்ப் பேச்சுவழக்குக் காரணமாக இருக்குமோ?”

அவர் அதைக் கேட்ட விதத்தில் பொறி எதுவும் இல்லை. உண்மையாகவே ஒரு விளக்கத்தைத் தேடினார்.

“இருக்கலாம்” என்றேன். “அந்தப் பக்கத்தில் இரண்டு ஏற்றமும் வேறுபடாத ஊர்கள் உண்டு.”

இரண்டு வாக்கியங்களிலும் பொய் இல்லை. பிரித்துப் பார்த்தால் எந்தத் துண்டிலும் பிழை காண முடியாது. சேர்த்து அவர் முன் வைத்தபோது அது பொய். மேலாளர் தலையசைத்து, மாணவியின் தாளைப் பார்த்து வைத்துக்கொள்ளும்படி என்னிடம் தந்தார்.

அன்று மதியம் மைத்துனனும் நானும் வழக்கம்போல எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். அவனிடம் சொல்லியிருக்கலாம். ஒரு மணித்தியாலம் இருந்தது. அவனையும் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னால், நான் என்ன சொன்னேன் என்பதையும் அவனும் அதையே சொல்ல வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். லெய்ட்டன் பக்கத்தில் ஓர் அறை, தோட்டம் உண்டு என்றான். இரண்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டார்கள்.

ஐந்து மணிக்கு விக்டோரியா லைன் ரயிலில் சேர்ந்து வந்தோம். இருக்கை கிடைக்கவில்லை. கதவோரம் நின்றோம்.

“அத்தான், காலமை உங்களையும் கூப்பிட்டவவோ?”

“ஓம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நேரம் கிடைக்கேல்லை.”

“ஒரு மணித்தியாலம் எனக்கு முன்னால இருந்து சான்ட்விச் திண்டனீங்கள்.”

நான் கம்பியை மற்றக் கையால் மாற்றிப் பிடித்தேன்.

“நான் சொல்லிப்போட்டன்” என்றான்.

“என்னத்தை?”

“உள்ளதை. வீட்டில மேசையில வைச்சுக் கதைச்சுப் பாத்தனாங்கள் எண்டு. எனக்கு ஒண்டு கேட்டாலும், அத்தான் சொன்னால் மாத்திப் போடுவன் எண்டு.”

“ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“ஏனெண்டால் அவ கேட்டவ.” அவனுக்கு என் கேள்வி விளங்கவில்லை. “கேட்டால் சொல்லத்தானே வேணும்? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஊர்ப் பேச்சு எண்டு.”

அவன் சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். “நான் எட்டு வருஷம் ஒஸ்லோவில கிடந்தவன், அத்தான். அது என்ர விண்ணப்பத்திலயே இருக்கு.” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வால்தம்ஸ்டோ வரும்வரை அவன் கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

புதன்கிழமை முடிவு சொன்னார்கள். மைத்துனனின் சோதனைக்காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடியும். நிரந்தரக் கடிதம் இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு மேலாளர் காரணம் சொன்னார். “உங்கள் விடைகள் உங்களுடையவை. அவருடையவை அவருடையவை அல்ல. எனக்கு இரண்டாவது ஆள் என்று ஒருவர் இருக்கவே இல்லை.” எனக்கு ஓர் எழுத்து எச்சரிக்கை மட்டும். ஊர்ப் பேச்சு என்று நான் சொன்னதைப் பற்றி, “நீங்கள் உண்மையிலேயே அப்படி நினைத்திருக்கலாம்” என்றார். அதையும் நான் மறுக்கவில்லை.

அன்று பின்னேரம் மைத்துனன் வீட்டுக்கு வெளியே நின்று நீண்ட நேரம் தன் மனைவியோடு கதைத்தான். நோர்வேஜிய மொழியில் கதைத்தான். வழக்கமாக அவர்கள் தமிழில் கதைப்பவர்கள். உள்ளே என் மனைவி என்னிடம் கேட்டாள்.

“அவன் பிழை விட்டவனோ?”

“நான் சொன்னதைப் போட்டவன்.”

“நீங்கள் சொன்னது பிழையோ?”

“சிலது பிழை.”

“அப்ப உங்கட பிழைக்கு ஏன் அவன்ர வேலை போகுது?”

அவனுக்கு உதவுவதற்காகத்தான் ஊர்ப் பேச்சு என்று சொன்னேன், அவன் அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டான் என்றேன். அவள் என்னை நம்பினாள். நம்பியதால்தான் அடுத்ததைக் கேட்டாள்.

“நீங்கள் ஒரு துண்டுத் தாளையும் எறியாத ஆள். அவன் முதல் என்ன போட்டவன் எண்டு எங்கயாவது கிடக்குமெல்லே?”

கிடந்தது. கணினியில் ஏற்றி முடிந்த பென்சில் தாள்களை அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. அவனுடையதையும் என்னுடையதையும் திகதி போட்டுக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். கோடு இழுத்த குறிகளுக்குக் கீழே அவனுடைய முதல் குறி தெளிவாகத் தெரிந்தது. அவன் அழிப்பான் பாவிப்பதில்லை. ஒவ்வொரு கோட்டையும் எந்த நாளில் எந்தச் சொல்லுக்கு இழுத்தோம் என்று என் நாட்குறிப்பிலும் இருந்தது.

வியாழனும் வெள்ளியும் நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை மைத்துனன் தன் கோப்பையையும் குடையையும் ஒரு பையில் போட்டு அலுவலகத்திலிருந்து எடுத்து வந்தான்.

சனிக்கிழமை காலை மாணவியின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டம் போட்ட சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பத்துநான்கில் முப்பதில் மைத்துனனின் முதல் குறி மாணவியின் குறியேதான். மீதி நான்கை அவன் வெறுமையாக விட்டுவிட்டு என்னைக் கேட்டிருந்தான். நான் ஒரு சொல்லிலும் அவளோடு ஒத்துப்போகவில்லை. பல் மருத்துவரும் அதில் இருந்தார். தவறு நேர்ந்துவிட்டதோ என்று மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன். அதே எண்ணிக்கை. பத்து மாதத்துக்கு மேலாக நான் போட்ட ஓரசை ஏற்றங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை ஏற்கெனவே யாருடைய காரிலோ பேசிக்கொண்டிருக்கின்றன என்ற யோசனை வந்தது. அதை மேலே யோசிக்கவில்லை.

இந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன தெரியவரும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அவனுக்குக் காது இருந்தது, எனக்கு இல்லை. நான் அவனைப் பிழையாக மாற்ற வைத்தேன். செவ்வாய்க்கிழமை அதை மறைத்தேன், புதன்கிழமை இன்னொருமுறை மறைத்தேன். கொடுக்காவிட்டால் அவன் அடுத்த கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புவான். அங்கே மனைவிக்கும் வேலை இல்லை, அவனுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கோப்பு அலுமாரிக்கு மேல் இருந்தது. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தாள்களைக் கொடுப்பதற்கு அவன் இணங்கவில்லை என்றால் என்ன செய்வது என்று பயந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். இணங்கினால் என்ன செய்வது என்றும்தான்.

திங்கட்கிழமை மேலாளர் வந்து மேலங்கியைக் கழற்றுமுன் அவருடைய அறை வாசலில் நின்றேன். தாள்களை மேசையில் வைத்து, ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னேன். அவர் கோடுகளுக்குக் கீழே இருந்த குறிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கால் மணித்தியாலம் இருக்கும்.

“இதை ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை?”

“பயம்” என்றேன்.

எதற்குப் பயம் என்று அவர் கேட்கவில்லை. “அவருக்கு நல்ல காது இருக்கிறது” என்றார். “ஆனால் பக்கத்தில் ஒருவர் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் காதை விட்டுக்கொடுத்துவிடுகிறார். எனக்கு அதுவும் தெரிய வேண்டும்.” இரண்டு புதிய பட்டியல்கள் தருவதாகவும், அவன் அலுவலகத்தில் தனி அறையில் இருந்து செய்ய வேண்டும் என்றும், மாணவியும் வேறாகச் செய்வாள் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். வேலையை விட்டுப் போக எனக்கு மாத முடிவுவரை நேரம் தந்தார். அதுவரைக்கும் ஏற்றக் குறிகளை நான் தொட வேண்டாம், மூட்டையும் அசையையும் மட்டும் பார்க்கலாம் என்றார். அது நியாயமான பிரிப்பு. எழுந்து வரும்போது அவர் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மைத்துனனிடம் அன்று பின்னேரம் சொன்னேன். அவன் தேநீரைக் குடித்து முடித்தான்.

“முப்பதோ?”

“முப்பது.”

“எனக்கு அப்பவே கேட்டது” என்றான், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, “உங்களுக்கு?”

“மாத முடிவோட சரி.”

மனைவி இடையில் வந்து, “அவர் தன்ர வேலையைக் குடுத்து உன்னைக் காப்பாத்தியிருக்கிறார்” என்றாள். அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். என்னை ஒருமுறை பார்த்தான்.

வியாழக்கிழமை அவன் போய்த் தனியே இருந்து எழுதினான். இரண்டு பட்டியலிலும் மாணவியோடு பெருமளவு ஒத்துப்போனதாகவும், ஒத்துப்போகாத இடங்களில் சிலவற்றில் அவள்தான் தன் குறியை மாற்றிக்கொண்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். கடிதம் வர இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. மேலிடத்தில் ஒப்பம் வேண்டியிருந்ததாம். கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை ஒஸ்லோவில் அவன் மனைவியைப் பார்த்த மருத்துவர், இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இனி விமானம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். லெய்ட்டன் அறையும் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது.

அவன் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் மேல்மாடியை எடுத்தான். ஹீத்ரோ பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை வேலை முடியப் பறந்து ஞாயிறு திரும்பலாம் என்றான். கிங்ஸ் கிராஸுக்குப் போக ஒரு மணித்தியாலம் எடுக்குமே என்று என் மனைவி சொன்னாள். பரவாயில்லை என்றான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாடகை வான் ஒன்றில் அவனுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம். அதிகம் இல்லை. ஆறு பெட்டி, ஒரு மடக்கு மெத்தை, இன்னும் பிரிக்காத ஒரு தொட்டில். வழி முழுக்க அவன் நெரிசலைப் பற்றி மட்டும் பேசினான்.

மூன்றாவது பெட்டியை எடுக்கும்போது வானின் பின்கதவில் சாய்ந்து நின்று கேட்டான்.

“அண்டைக்கு ஊர்ப் பேச்சு எண்டு ஏன் சொன்னனீங்கள், அத்தான்?”

மனைவியிடம் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. உமக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று. அதை இத்தனை நாளில் நானே பாதி நம்பியிருந்தேன். அவன் காத்துக்கொண்டு நின்றான். சொல்லும்வரை பெட்டியைத் தூக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

“என்ர வேலைக்காக” என்றேன். “உமக்காக இல்லை. உம்மைப் பற்றி அந்த நேரம் நான் யோசிக்கவே இல்லை.”

“தெரியும்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “ரயிலிலயே தெரியும். அக்காவுக்குச் சொல்லிப்போடுங்கோ. அவ மற்றமாதிரி நினைச்சுக்கொண்டு, கிழமைக்கு ரெண்டுதரம் எனக்குப் போன் எடுத்து, அத்தானுக்கு நன்றி சொன்னனியோ எண்டு கேக்கிறா.”

மீதிப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினோம். தொட்டிலை அவன் தனியாகத் தூக்கிக்கொண்டு போனான். தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றான். கேத்தில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் வெளிக்கிட்டேன். ஹவுன்ஸ்லோ ஈஸ்டில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். வீட்டில் மனைவி கதவைத் திறந்து, அவனுக்கு இடம் வசதியோ என்று கேட்டாள். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, அவன் சொல்லச் சொன்னதை அவளிடம் சொன்னேன்.